பை திறந்த முதல் பத்து நிமிஷம்: ஆன்லைன் மளிகையில் உங்கள் பணத்தைத் திரும்பப் பெறுவது எப்படி?

(ஓசூரில் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்களை இங்கே உட்கார வைத்திருக்கிறேன். நைட் ஷிப்ட் முடிச்சு நேரா வந்தவங்களும் சிலர் இருக்கீங்க. அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் மூன்று கேள்வி. போனில் மளிகை வாங்குறவங்க எல்லாம் கை தூக்குங்க. சரி, ஏறக்குறைய எல்லாருமே. ஒரு தடவையாவது அழுகின தக்காளியோ, வண்டு விழுந்த பருப்போ, தேதி முடிஞ்ச பாக்கெட்டோ வந்தவங்க? ஒரு கைகூட இறங்கவில்லை. அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கினவங்க? இப்போ பாருங்க, பாதிக் கை கீழே போயிடுச்சு.

கீழே போன அந்தக் கைகளுக்காகத்தான் இந்தப் பேச்சு.

என் வீட்டுக் கதையையே முதலில் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச காலம் முன்னால் ஒரு ஆப்பில் ஒரு கிலோ துவரம்பருப்பு வாங்கினோம். வந்ததும் பாக்கெட்டைக் கத்தரித்து டப்பாவில் கொட்டியாச்சு. காலி பாக்கெட் குப்பைக்குப் போயிடுச்சு. மூன்றாம் நாள் சாம்பார் வைக்க டப்பாவைத் திறந்தால் வண்டு ஊர்கிறது. உடனே ஆப்பில் புகார் போட்டேன். "பாக்கெட்டின் படம் அனுப்புங்கள், பேட்ச் எண் தெரிய வேண்டும்" என்று கேட்டார்கள். குப்பை வண்டியில் போன பாக்கெட்டுக்கு நான் எங்கே போவது? "புகார் செய்வதற்கான நேரமும் முடிந்துவிட்டது" என்று அடுத்த பதில் வந்தது. 25 ரூபாய் கூப்பன் ஒன்றைக் கொடுத்துப் புகாரை மூடிவிட்டார்கள்.

ரொம்பக் கோபம் வந்தது. ஆறின பிறகு யோசித்துப் பார்த்தேன். கெட்ட பருப்பை அனுப்பியது அவங்க தப்பு. அதைக் காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இல்லாமல் நின்றது என் தப்பு. பணம் திரும்ப வருமா, வராதா என்பது பெரும்பாலும் பை வீட்டுக்குள் வந்த முதல் பத்து நிமிஷத்திலேயே முடிவாகிவிடுகிறது. அன்றைக்கு நான் கற்றுக்கொண்ட பாடம் இதுதான்.

எண்பது ரூபாய்தானே, போனா போகுது?

நிறைய பேர் சொல்வது இது. ஒரு கணக்குப் போடுங்க. மாசத்துக்கு இரண்டு தடவை 80 ரூபாய் போனால் வருஷத்துக்கு 1,920 ரூபாய். ஏறக்குறைய இரண்டு கேஸ் சிலிண்டர் காசு. சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை பார்க்கிற ஒருத்தருக்கு அது இரண்டு மூன்று நாள் கூலி.

பணத்தை விடுங்க. கெட்டுப்போன தயிரோ பாலோ வீட்டில் குழந்தைக்குப் போகிறது, வயசானவங்களுக்குப் போகிறது. நீங்கள் சும்மா இருந்தால் அதே கிடங்கில் இருந்து அதே பேட்ச் பாக்கெட் அடுத்த தெருவுக்கும் போகும். நீங்கள் போடும் ஒரு புகார் நாலு வீட்டுக்கு உதவி. அதை மனசில் வைத்துக்கொள்ளுங்க.

கம்பெனி பெங்களூரில், நாம ஓசூரில்

நம்ம ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கு. ஜூஜுவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, அது கர்நாடகா. பல ஆப்களின் தலைமை அலுவலகம் பெங்களூரில் இருக்கிறது. சில பொருட்கள் நம்ம ஊர்க் கிடங்கில் இருந்து வரும், சில பொருட்கள் அந்தப் பக்கத்துக் கிடங்கில் இருந்து வரும். ராயக்கோட்டைப் பக்கம் விளைந்த தக்காளி பெங்களூர் போய், அங்கே பையில் ஏறி, நசுங்கி, ஓசூருக்கே திரும்பி வந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

உங்கள் பொருளை விற்றவர் எந்த மாநிலத்தில் பதிவு பெற்றவர் என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி உண்டு. ஆப்பில் ஆர்டரைத் திறந்து பில்லை டவுன்லோட் பண்ணுங்க. விற்றவரின் ஜிஎஸ்டி எண் அதில் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் தமிழ்நாட்டுப் பதிவு. 29 என்றால் கர்நாடகப் பதிவு.

29 என்று பார்த்ததும், "அய்யோ, வேற மாநிலமாச்சே, எங்க போய்க் கேட்கிறது?" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அந்தப் பயம் இனி வேண்டாம். 1986-ஆம் ஆண்டின் பழைய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், எதிர்த்தரப்பு இருக்கும் இடத்தில் அல்லது பிரச்சினை எழுந்த இடத்தில்தான் வழக்குப் போட வேண்டும் என்று இருந்தது. 2019-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன் 34-ஆவது பிரிவின்படி, புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலோ, வேலை பார்க்கும் இடத்திலோகூட மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்.

நம்ம ஊருக்கு இதன் அர்த்தம் என்ன? மத்திகிரியில் குடியிருக்கிறவர் பெங்களூர் கம்பெனி மேல் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஓசூரில் வீடு, எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை என்றால் எந்தப் பக்கம் வசதியோ அந்தப் பக்கம் போகலாம். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கம் இருந்து வந்து இங்கே விடுதியில் தங்கி வேலை பார்க்கிற தம்பி தங்கைகளுக்கும் இதே உரிமை உண்டு. உங்கள் பக்கத்து அறையில் அப்படி யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்க.

பத்து நிமிஷத்தில் செய்ய வேண்டியது

இப்போ போனைக் கையில் எடுங்க. பை வந்ததும் இந்த வரிசையில் செய்யணும்.

1. பையைப் பிரிப்பதற்கு முன்னால் வெளியே ஒட்டியிருக்கும் சீட்டோடு ஒரு படம் எடுங்க. ஆர்டர் எண் தெரியணும்.

2. விலை கூடிய பொருளோ, பால், முட்டை, இறைச்சி மாதிரி சீக்கிரம் கெடும் பொருளோ இருந்தால், பிரிக்கும்போதே இடையில் நிறுத்தாமல் ஒரு வீடியோ எடுங்க. ஒரு நிமிஷம் போதும்.

3. பில்லை வைத்துக்கொண்டு எண்ணிக்கை சரி பாருங்க. ஐந்து பொருள் என்று இருந்து நாலு வந்திருந்தால் அதுவும் புகார்தான்.

4. ஒவ்வொரு பாக்கெட்டிலும் தேதி பாருங்க. 'யூஸ் பை' அல்லது 'எக்ஸ்பைரி' தேதி தாண்டியிருந்தால் சாப்பிடவே கூடாது. 'பெஸ்ட் பிஃபோர்' என்பது அதுவரை தரம் குறையாமல் இருக்கும் என்ற உத்தரவாதம்.

5. குறை தெரிந்தால் மூன்று படம் எடுங்க: பொருள் முழுசாகத் தெரிகிற படம், குறை கிட்டத்தில் தெரிகிற படம், லேபிள் படம். லேபிளில் பேட்ச் எண், தேதி, விலை, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் நாலும் படிக்கிற மாதிரி இருக்கணும்.

6. எடை குறைவாகத் தெரிந்தால் தராசில் வைத்துப் படம் எடுங்க. வீட்டில் தராசு இல்லையா? தெருமுனைக் கடை அண்ணாச்சியிடம் கேட்டால் வைத்துக் காட்டுவார்.

7. குறையுள்ள பொருளைத் தூக்கி எறியாதீங்க. ஒரு கவரில் கட்டி ஓரமாக வையுங்க. கெடக்கூடியது என்றால் ஃப்ரிட்ஜில் தனியாக வையுங்க. புகார் முடியும் வரைக்கும் அது உங்கள் சாட்சி.

தேதி விஷயத்தில் இன்னொன்றும் தெரிஞ்சுக்கணும். பொருள் உங்கள் கைக்கு வரும்போது அதன் ஆயுளில் குறைந்தது 30 சதவீதமோ, காலாவதிக்கு 45 நாளோ மீதம் இருக்க வேண்டும் என்று ஆன்லைனில் உணவுப்பொருள் விற்பவர்களுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம், அறிவுறுத்தியிருக்கிறது. 2024 நவம்பரில் மறுபடியும் இதை வலியுறுத்தியது. நாலு மாச ஆயுள் உள்ள ரவை, நாலு நாளில் காலாவதி என்ற நிலையில் உங்கள் வீட்டுக்கு வந்தால், "இன்னும் தேதி முடியலையே" என்று சும்மா இருக்காதீங்க. கேளுங்க.

ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. நீங்கள் வேலையில் இருக்கும்போது பையை வாட்ச்மேனோ விடுதி வார்டன் அக்காவோ வாங்கி வைப்பார்கள். ராத்திரி வந்து பிரிக்கும்போது புகார் நேரம் முடிந்திருக்கலாம். காய்கறி, பால் வகைகளுக்குச் சில ஆப்களில் ரொம்பக் குறைந்த நேரம்தான் கொடுக்கிறார்கள். அது எவ்வளவு என்று ஆர்டர் போடுவதற்கு முன்பே அந்த ஆப்பின் 'ரிட்டர்ன்' விவரத்தில் பார்த்து வையுங்க. முடிந்தால் நீங்கள் வீட்டில் இருக்கும் நேரத்துக்கு டெலிவரி போடுங்க. முடியாவிட்டால், வாங்கி வைக்கிறவரிடமே "அக்கா, பையைப் பிரிச்சு ஒரு போட்டோ மட்டும் அனுப்பிடுங்க" என்று சொல்லி வையுங்க.

விடுதியில் ஆறு பேருக்கு ஒருத்தர் போனில் ஆர்டர் போடுவது சகஜம். ஆர்டர் யார் கணக்கில் இருக்கிறதோ அவரே புகார் போடுவதுதான் எளிது. படங்களை உடனே அவருக்கு அனுப்பிவிடுங்க.

ஆப்பில் புகார் போடும்போது

முதல் படி எப்போதும் ஆப்தான். 'ஆர்டர்ஸ்' போய், அந்த ஆர்டரைத் திறந்து, 'ஹெல்ப்' அழுத்தி, எந்தப் பொருளில் குறையோ அதை மட்டும் தேர்வு செய்யுங்க. காரணத்தைச் சரியாகத் தேர்வு செய்யணும். பொருள் வரவில்லை என்பது வேறு, கெட்டுப்போய் வந்தது என்பது வேறு. மாற்றிப் போட்டால் அதையே காரணமாகச் சொல்லி மறுப்பார்கள்.

அங்கே முதலில் பேசுவது பெரும்பாலும் இயந்திரம். 180 ரூபாய் பொருளுக்கு "25 ரூபாய் கூப்பன் தருகிறோம், சம்மதமா?" என்று கேட்கும். அவசரத்தில் 'ஓகே' அழுத்தினால் புகார் அங்கேயே மூடப்படும். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். சம்மதம் இல்லை என்றால், "முழுத் தொகையும் வேண்டும், அதிகாரியிடம் பேச வேண்டும்" என்று எழுதுங்க. தமிழிலேயே எழுதலாம். பேச்சு முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்க. புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்க.

"இந்தப் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது என்று முதலிலேயே போட்டிருக்கோமே" என்று சொல்வார்கள். வாங்கின பிறகு மனசு மாறி, வேண்டாம் என்று காய்கறியைத் திருப்பிக் கொடுப்பவருக்கு அது பொருந்தும். குறையோடு வந்த பொருளுக்குக் கதை வேறு. 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள் தெளிவாகச் சொல்கின்றன: பொருள் குறையுள்ளதாகவோ, போலியாகவோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாததாகவோ இருந்தால், விற்பவர் அதைத் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது.

அடுத்தது, பணம் எங்கே வருகிறது என்பது. சில ஆப்கள் உங்கள் பணத்தைத் தங்கள் வாலட்டிலேயே போட்டு வைக்கும். அதில் மறுபடியும் அவங்களிடமே வாங்கத்தான் முடியும். உங்களுக்கு அது சரி என்றால் பரவாயில்லை. வேண்டாம் என்றால், பணம் கட்டிய கணக்குக்கே திரும்ப வேண்டும் என்று கேளுங்க. இதற்கு ஒரு முன்னுதாரணம் இருக்கு. வாடகைக் கார் சேவையான ஓலா, பணம் திரும்பத் தர வேண்டிய இடத்தில் அடுத்த பயணத்துக்கான கூப்பன் மட்டும் கொடுத்து வந்தது. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், வங்கிக் கணக்கா கூப்பனா என்று தேர்வு செய்யும் வாய்ப்பை வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. மளிகை வேறு, கார் வேறுதான். ஆனால் தேர்வு உங்களுடையது என்ற நியாயம் ஒன்றுதான்.

"பணம் அனுப்பியாச்சு" என்கிறார்கள், ஆனால் கணக்கில் வரவில்லையா? பரிவர்த்தனையின் குறிப்பு எண்ணைக் கேளுங்க. யுபிஐ என்றால் அது 12 இலக்கம். அந்த எண்ணோடு வங்கியைக் கேட்டால் பணம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

கணக்கில் பணம் போய்விட்டது, ஆர்டரே பதிவாகவில்லை என்றால் அது வேறு வகை. கடைக்கான யுபிஐ கட்டணம் இப்படித் தோல்வி அடைந்தால், பரிவர்த்தனை நாளில் இருந்து 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட விதி இது.

ஆப் கைவிட்டால்: குறைதீர் அலுவலர்

ஒவ்வொரு மின் வணிக நிறுவனமும் ஒரு குறைதீர் அலுவலரை நியமித்து, அவர் பெயர், பதவி, தொடர்பு விவரத்தைத் தன் தளத்தில் போட வேண்டும். ஆப்பின் அடியில் 'கிரீவன்ஸ் ஆபீசர்' என்று இருக்கும். கொஞ்சம் தேட வேண்டியிருக்கும். புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாக அவர் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இதுவும் அதே 2020 விதிகளில் உள்ளதுதான்.

அவருக்கு என்ன எழுதுவது என்று தயங்க வேண்டாம். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்க:

"வணக்கம். உங்கள் தளத்தில் (தேதி) அன்று (ஆர்டர் எண்) வழியாக வாங்கிய (பொருள், அளவு, விலை) குறைபாட்டுடன் வந்தது. குறை: (ஒரு வரியில்). அன்றே (நேரம்) மணிக்கு ஆப்பில் புகார் செய்தேன். புகார் எண்: (   ). இதுவரை தீர்வு கிடைக்கவில்லை. நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள் 2020-இன்படி, குறைபாடுள்ள பொருளுக்குப் பணம் தர மறுக்கக் கூடாது. எனவே ரூ. (   ) தொகையை நான் பணம் செலுத்திய கணக்குக்கே திருப்பி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். பில், படங்கள், ஆப்பில் நடந்த உரையாடல் ஆகியவற்றை இணைத்துள்ளேன்."

இவ்வளவுதான். திட்ட வேண்டாம், மிரட்ட வேண்டாம். தேதி, எண், தொகை இந்த மூன்றும் பேசினால் போதும்.

அடுத்த படி: 1915

அப்புறமும் நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்க. கட்டணம் இல்லை. தேசிய விடுமுறை நாட்களைத் தவிர தினமும் காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை. தமிழ் உட்பட 17 மொழிகளில் பேசலாம். இந்தி பேசும் தம்பியும், தெலுங்கு, கன்னடம் பேசும் நம்ம ஊர்க்காரர்களும் அவரவர் மொழியில் சொல்லலாம். பேச நேரம் இல்லையா? 8800001915 என்ற எண்ணுக்கு வாட்ஸ்அப் அனுப்பலாம். உமங் ஆப் வழியாகவும் பதியலாம்.

அவங்க வழக்கு நடத்துவது இல்லை. உங்கள் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். சின்னத் தொகைப் புகார்கள் இந்தக் கட்டத்திலேயே முடிய நல்ல வாய்ப்பு உண்டு. உங்களுக்கு ஒரு பதிவு எண் வரும், அதைப் பத்திரமாக வையுங்க.

பொருள் சாப்பிடத் தகாதது, பூச்சி, பூஞ்சை, கலப்படம் என்றால், பணம் வந்தாலும் வராவிட்டாலும் இன்னொரு புகாரும் கொடுங்க. தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 9444042322 என்ற வாட்ஸ்அப் எண் இருக்கிறது. லேபிள் படத்தையும் அந்த 14 இலக்க உரிம எண்ணையும் அனுப்புங்க. சாப்பிட்டு யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால் முதலில் மருத்துவமனை. மருந்துச் சீட்டையும் பில்லையும் பொருளின் மீதியையும் எடுத்து வையுங்க.

எடை குறைவு என்றால், தமிழ்நாட்டில் தொழிலாளர் துறைதான் எடையளவு விவகாரங்களைப் பார்க்கிறது. அவங்களிடம் சொல்லலாம்.

கடைசிப் படி: நுகர்வோர் ஆணையம்

"நூறு ரூபாய்க்காக யார் கேஸ் போடுவாங்க?" என்று சிரிக்கிறீங்க. எல்லாரும் போட வேண்டியதில்லை. ஆனால் கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் நம்ம பேச்சுக்குப் பலம்.

மாவட்ட ஆணையத்தில், நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்தே ஆகணும் என்ற கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளில் இருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 2025 ஜனவரி முதல் இ-ஜாக்ரிதி என்ற இணையதளம் இருக்கிறது. அதில் வீட்டில் இருந்தே பதியலாம். காணொலி வழியாக விசாரிக்கக் கேட்டு மனு கொடுக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. லீவு போட முடியாத ஷிப்ட் தொழிலாளிக்கு இது பெரிய உதவி. பொருளின் விலையோடு, மன உளைச்சலுக்கும் செலவுக்கும் இழப்பீடு கேட்கலாம்.

பரிசோதனைக் கூடத்துக்குப் போகத் தேவையில்லாத புகார்களை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் கூடுதலாக ஆகலாம். பொறுமை வேண்டும். ஒரே கம்பெனி திரும்பத் திரும்ப ஏமாற்றினால், அல்லது உடல்நலம் கெட்டிருந்தால், அந்தப் பொறுமை வீண்போகாது.

ஒரு எச்சரிக்கை: கூகுளில் எண் தேடாதீங்க

இதுவரை சொன்னதை எல்லாம் மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீங்க.

நடப்பது இப்படித்தான். 60 ரூபாய் தயிர் புளித்து வந்திருக்கும். ஆப்பில் மனுஷர் யாரும் பேசவில்லை என்ற எரிச்சலில் கூகுளில் 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடுவோம். வரும் எண் மோசடிக்காரன் போட்டு வைத்ததாக இருக்கலாம். ரொம்ப மரியாதையாகப் பேசுவான். தமிழ், கன்னடம் எதில் வேண்டுமானாலும் பேசுவான். "சார், ரீஃபண்ட் அனுப்புறேன், ஒரு லிங்க் வரும், அழுத்துங்க" என்பான். இல்லாவிட்டால் "இந்த ஆப்பை இறக்குங்க, நான் உதவி பண்றேன்" என்பான். அது உங்கள் திரையை அவன் பார்க்கிற ஆப். கடைசியில் "பணம் வர யுபிஐ பின் போடுங்க" என்பான். போட்ட அடுத்த நிமிஷம் சம்பளக் கணக்கு காலி. 60 ரூபாயைத் தேடிப் போய் மாசச் சம்பளம் முழுசும் போகும்.

மூன்று விதி வைத்துக்கொள்ளுங்க. ஒன்று, கம்பெனியின் எண்ணை அவங்க ஆப்புக்குள் மட்டும் பாருங்க. இரண்டு, பணம் வருவதற்கு யுபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை. பின் கேட்டால் உங்கள் பணம் போகிறது என்று அர்த்தம். மூன்று, ஓடிபி, கார்டு எண், திரைப் பகிர்வு எதையும் ரீஃபண்டுக்காக யாருக்கும் தராதீங்க.

அப்படியும் ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராதீங்க. அந்த நிமிஷமே 1930-ஐ அழையுங்க, வங்கிக்கும் சொல்லுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

டெலிவரி தம்பியும் நம்ம நேர்மையும்

முடிக்கும் முன்னால் இரண்டு சொல். பை கொண்டுவருகிற தம்பி அந்தப் பருப்பை மூட்டை கட்டியவர் இல்லை. பாகலூர் ரோடு வெயிலில் நாலு மாடி ஏறி வருகிறார். அவரைத் திட்டினால் உங்கள் பணம் வராது. வாசலிலேயே பை கிழிந்தோ ஒழுகியோ இருந்தால், அவர் முன்னாலேயே ஒரு படம் எடுத்து, வாங்க மறுக்க வழி உண்டா என்று கேளுங்க. அவ்வளவுதான் அவர் வேலை.

இன்னொன்று, நல்ல பொருளைக் கெட்டது என்று சொல்லிப் பணம் வாங்குகிற பழக்கமும் அங்கங்கே இருக்கு. தயவுசெய்து அது வேண்டாம். உங்கள் கணக்கை முடக்குவார்கள் என்பது ஒரு பக்கம். அப்படி நாலு பேர் செய்தால், உண்மையிலேயே அழுகின முட்டை வந்த ஐந்தாவது ஆள் சொல்வதையும் கம்பெனி நம்பாது. நம்ம புகாருக்கு மரியாதை இருக்கணும் என்றால் அது உண்மையாக இருக்கணும்.

வீட்டுக்குப் போனதும் ஒரு சின்ன வேலை. ஒரு தாளில் மூன்று எண் எழுதி ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டுங்க. கெட்ட பொருளுக்குப் பணம் தர மறுத்தால் 1915. சாப்பிடத் தகாத பொருள் என்றால் வாட்ஸ்அப் 9444042322. பணம் மோசடி என்றால் 1930. அதன் கீழே பெரிசாக ஒரு வரி: 'பாக்கெட்டை எறியும் முன் படம் எடு.'

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் அந்தத் தாள் ஒட்டியிருக்கு. போன மாசம் பால் பாக்கெட் உப்பிப்போய் வந்தது. என் மனைவி படம் எடுத்து, புகார் போட்டு, முழுப் பணமும் கணக்குக்கு வந்த பிறகுதான் எனக்கே சொன்னார்.

அடுத்த கூட்டத்தில் மறுபடியும் அதே மூன்று கேள்வி கேட்பேன். அப்போ மூன்றாவது கேள்விக்கும் கை இறங்கக் கூடாது. சரிங்களா?